உன் வண்டிக்கு நான் செய்த முன்னேற்றங்கள்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் தலைவலி, காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் கப்பலில் அடுப்பு ஆடாமல், சட்டி சரியாமல், இருபது பேருக்கும் வாய்க்கு ருசியாகச் சமைத்துப்போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நடுக்கடலில் உன் போன் எடுக்காது என்பதால் உன் கம்பெனி ஆபீஸ் மூலமாக இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். அடுத்த துறைமுகத்தில் உன் கைக்குக் கிடைக்கும் என்றார்கள். கிடைத்ததும் உட்கார்ந்து படி. உன் வண்டி நன்றாக இருக்கிறது. இந்த வரியை முதலிலேயே எழுதிவிடச் சொன்னது உன் அக்கா. என்னிடம் விட்டிருந்தால் முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று எழுதியிருப்பேன். அது எப்படி என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

நீ கப்பலேறுகிற அன்று கார் சாவியைக் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விட்டாப் போதும் அத்தான், வேற எதையும் தொட வேணாம்" என்று சொன்னாய். முதல் பாதியை அப்படியே கடைப்பிடித்தேன். இரண்டாவது பாதியை நீ மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவர்கள் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றால் நாம் வெறும் வயிற்றோடா அனுப்புகிறோம்? அதுவும் நான் ரிட்டயரான மாதம் பார்த்து நீ சாவியைக் கொடுத்தாய். முப்பத்தொரு வருஷம் துணி ஆலையின் பாய்லர் ஹவுஸில் நின்றவன் நான். கடைசி நாளில் மேனேஜர் மாலை போட்டு, "பாய்லர் இனிமே தன்னைத் தானே பாத்துக்கும் சார், ஆட்டோமேடிக் பேனல் மாட்டியாச்சு" என்று கைகுலுக்கினார். வாழ்த்துகிறாரா, விரட்டுகிறாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவுக்காக அடுக்களை வாசலில் போய் நின்றேன். உன் அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், அப்புறம் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டேன்.

சும்மா இருப்பது எனக்கு வராது மாப்பிள்ளை. முதல் இரண்டு வாரத்தில் வீட்டில் இருந்த கோளாறுகளையெல்லாம் சரிசெய்தேன். மின்விசிறி இப்போது ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது, ஆனால் அந்த வேகத்தை நீ பார்க்க வேண்டும். வாஷிங் மெஷின் துவைத்து முடிக்கும்போது குளியலறை வாசல்வரை நடந்து வந்துவிடுகிறது, துணியை எடுக்க நாம் உள்ளே போக வேண்டியதில்லை. ஸ்கூட்டரையும் பிரித்து மாட்டினேன். அது மட்டும், உன் அக்கா பின்னால் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து, ரயில்வே கேட்டுக்கு நடுவில் தண்டவாளத்தின்மேல் நின்றுவிட்டது. கேட்கீப்பர் கத்த, வரிசையில் நின்றவர்கள் கத்த, இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு ஓடினோம். ரயில் வரக் கால் மணி நேரம் இருந்தது, அதை அப்போது யாரும் சொல்லவில்லை. மூச்சு வாங்க நின்று, அத்தனை பேர் முன்னாலும் உன் அக்கா சொன்னாள்: "இனிமே நீங்க கை வச்ச எதுலயும் நான் ஏற மாட்டேன். சொல்லிட்டேன். நடந்தே போய்க்கறேன்." சொன்னபடியே செய்தாள். பள்ளிக்கூடத்துக்குத் தைத்த யூனிஃபார்ம் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இரண்டு மாதமாக நடந்துதான் போகிறாள். நான் ஸ்கூட்டரில் பக்கத்திலேயே ஊர்ந்துகொண்டு போவேன். மூட்டையை மட்டும் வண்டியில் வைக்கச் சம்மதிப்பாள், அவள் ஏற மாட்டாள். மனசு விட்டுச் சொல்கிறேன், வேலை போனதுகூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை, இது உறைத்தது. என் கை பட்ட ஒன்றில் அவளை உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். அந்த நேரத்தில் ஷெட்டில் நின்றது உன் வண்டி.

உன் வண்டியின் டர்போவைப் பற்றி நீ எத்தனையோ தடவை என்னிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாய், ஆனால் அது உனக்கே முழுசாகப் புரியவில்லை என்று இப்போது தெரிகிறது. எஞ்சினிலிருந்து புகை வெளியே போகிற வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அது காற்றை அமுக்கி மறுபடி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அழுத்தம் எல்லை தாண்டினால் ஒரு குட்டிக் கதவு திறந்து, புகையை வேறு வழியாக விட்டுவிடுகிறது. அந்தக் கதவைப் பிடித்திருக்க ஒரு கம்பி. அவ்வளவுதான் சமாச்சாரம். முப்பத்தொரு வருஷம் நான் பார்த்ததும் இதைத்தான், அங்கே நீராவி, இங்கே காற்று. நான் பானெட்டைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்து மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார் இறங்கி வந்தார். "சார், இது கம்ப்யூட்டர் வச்ச எஞ்சின். தெரிஞ்சவங்க யாரையாவது ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று இழுத்தார். "அழுத்தம்னா அழுத்தந்தான் சார், அதுல தெரிஞ்சவங்க தெரியாதவங்க என்ன?" என்றேன். அவர் மேலே போகவில்லை. அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் காற்று. கம்பெனிக்காரன் ஏர் ஃபில்டரை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்திருந்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச்சொன்ன மாதிரி. பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுக் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரைத் திறந்தபடி மாட்டினேன். அது எஞ்சின் சூட்டையே உள்ளே இழுக்கும் என்று வாத்தியார் படிக்கட்டிலிருந்து சொன்னார். அதற்கும் என்னிடம் வழி இருந்தது. டர்போவிலிருந்து வருகிற சூட்டுக் காற்றை ஆறவைக்க வண்டியின் மூக்கில் ரேடியேட்டர் மாதிரி ஒன்று இருக்கிறதல்லவா, அதன்மேல் தண்ணீர் தெளித்தால் தீர்ந்தது. முன்கண்ணாடி கழுவத் தண்ணீர் போகிற குழாயைப் பிடுங்கி அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். ஆகவே கண்ணாடி கழுவுகிற பட்டனை அமுக்கினால் இனி எஞ்சின் குளிரும். கண்ணாடியை நீ இறங்கித் துடைத்துக்கொள்ளலாம், கை இருக்கிறது, துணி இருக்கிறது.

அடுத்தது கேஜ். அழுத்தத்தைக் கண்ணால் பார்க்காமல் நான் எதையும் இயக்கியதில்லை. ரிட்டயரான அன்று எங்கள் ஷிப்ட் ஆட்கள், நான் தினமும் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டாம் நம்பர் பாய்லரின் கேஜையே கழற்றி, பளபளவென்று தேய்த்து, எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பித்தளை, சாப்பாட்டுத் தட்டு அகலம், பூஜ்யத்திலிருந்து இருபதுவரை காட்டும். அதை உன் டாஷ்போர்டு நடுவில் பொருத்தி, ஒரு குழாய் இழுத்து எஞ்சினோடு இணைத்தேன். ரேடியோவை எடுக்க வேண்டியிருந்தது, பாட்டு வேண்டுமென்றால் பாடிக்கொள். ஓட்டிப் பார்த்தால் ஊசி அசையவே இல்லை! ஒன்று என்ற கோட்டைக்கூடத் தொடவில்லை. ஊசி அசையாத பாய்லர் என்றால் அடுப்பு அணைந்துவிட்டது என்று அர்த்தம். பாவம், செத்துப்போன டர்போவை மூன்று வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான் நம் பிள்ளை என்று உனக்காக வருத்தப்பட்டு, குட்டிக் கதவு சீக்கிரம் திறக்காதபடி கம்பியை நாலு சுற்று இறுக்கினேன். ஊசி அசையவில்லை. எட்டு சுற்று. வண்டி என்னவோ ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் திமிராகப் பாய்கிறது, ஊசி மட்டும் கிடந்த இடத்தில் கிடக்கிறது. வாத்தியார் எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேஜைப் பார்த்தார். "சார், இது இருபது வரைக்கும் காட்டற கேஜ். கார் டர்போ மொத்தமா ஒண்ணுகூடக் குடுக்காது. லாரி எடை போடற மேடையில வெங்காயத்த வச்சுட்டு முள்ளு அசையலன்னா எப்படி?" என்றார். "முப்பத்தொரு வருஷம் பாத்திருக்கேன், இந்தக் கேஜ் பொய் சொல்லாது சார்" என்றேன். "பொய் சொல்லல சார், அது ஒண்ணுமே சொல்லல" என்றார். கணக்குப் படித்தவர்களிடம் இதுதான் தொல்லை, எதையும் அனுபவத்தை வைத்துப் பார்க்க மாட்டார்கள். பதினாலு சுற்றுவரை இறுக்கினேன்.

வெள்ளோட்டத்துக்குப் பள்ளிக்கூடத்து மேட்டைத் தேர்ந்தெடுத்தேன். காலை பத்து மணி, ரோடு காலி. பாதி மேட்டில் மிதித்தேன். வண்டி எகிறியது, என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, சத்தியமாகச் சொல்கிறேன், இருபத்தைந்து வயது ஆன மாதிரி இருந்தது. அது ஒரு நாலு விநாடி. அப்புறம் டமார் என்று ஒரு சத்தம். டர்போவிலிருந்து காற்றுப் போகிற ரப்பர் ஹோஸ் தெறித்து விட்டது. பின்னால் பார்த்தால் ரோடே தெரியவில்லை, அவ்வளவு கறுப்புப் புகை. புகை கலைந்தபோது, மூட்டையோடு மேடேறி வந்துகொண்டிருந்தவள் உன் அக்கா. முகத்தில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். ஹோஸைத் துணி சுற்றிக் கட்டி ஒருவழியாகக் கிளப்பினேன், ஆனால் வண்டி அவள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு போய், ஜன்னலை இறக்கி, "மூட்டையையாவது உள்ள வைக்கட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம், எனக்கு அவசரம்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள்.

இதற்கெல்லாம் மனம் தளருகிற ஆளா நான்? மறுநாளே எஞ்சினின் மேல்பாகம் மொத்தத்தையும் பிரித்துவிட்டேன். கழற்றிய போல்ட், நட்டு ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே முட்டை வைக்கிற அட்டைகளில் குழிக்கு ஒன்றாக அடுக்கி வைத்தேன். பாய்லர் ஹவுஸ் பழக்கம் அது, கண்ணை மூடிக்கொண்டு திரும்ப மாட்டலாம். நான் தடிமனான ஹோஸ் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் உன் அக்கா எனக்கு ஒத்தாசை செய்துவிட்டாள். அவள் தையல்காரி, பட்டன்களைப் பிரித்துப் பிரித்துக் கை பழகியவள். "என்னங்க இது, பெருசும் சிறுசுமாக் கலந்து கெடந்துது, எல்லாத்தையும் சைஸ் பாத்துப் பிரிச்சு டப்பால போட்டுட்டேன்" என்று ஆறு பட்டன் டப்பாக்களை என் முன்னால் வைத்தாள். பளிச்சென்று துடைத்தும் வைத்திருந்தாள். என்ன சொல்ல? நீ செய்த உபகாரம் போதும் என்று சொல்லவா முடியும்? நல்லதாப் போச்சு என்றேன். நாலு நாள் ஆயிற்று திரும்ப மாட்ட. எந்த ஓட்டைக்கு எது என்று கை சொல்லச் சொல்ல மாட்டினேன், கை சொல்லாத இடத்தில் கொஞ்சம் பலமாக மாட்டினேன்.

முடித்து ஸ்டார்ட் செய்தால் மூன்று சின்ன விஷயங்கள். ஒரு விசில் சத்தம். ஒரு குலுக்கல். டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு. விளக்கு எஞ்சின் இருக்கிறது என்று காட்டுகிறது, அதில் தப்பில்லை. மற்ற இரண்டும் இறுக்கம் உட்காராததால் வருபவை. பெரிய வேலை பார்த்த பாய்லரை உடனே வேலை வாங்கக் கூடாது, இரண்டு நாள் ஆறப்போட வேண்டும். எங்கள் தொழிலில் இன்னொரு முறையும் உண்டு. வேலை முடிந்ததும் பூட்டுக்குள் கம்பியை விட்டு, ஈயவில்லை கோத்து, குறடால் நசுக்கி முத்திரை வைத்துவிடுவோம். அடுத்த வருஷம் இன்ஸ்பெக்டர் வந்து வெட்டுகிறவரை அதை வேலை பார்த்தவனே திறக்கக் கூடாது. திறந்தால் தன் வேலையைத் தானே சந்தேகப்பட்டதாக அர்த்தம். என்னிடம் பழைய முத்திரை டப்பா இருந்தது. உன் பானெட்டுக்கு முத்திரை வைத்துவிட்டு, எங்கள் பழைய சூப்பர்வைசர் மகள் கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போனேன். யூனிஃபார்ம் ஆர்டர் நிறைய இருக்கிறது, நீங்க மட்டும் போய்ட்டு வாங்க என்று உன் அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

திரும்பி வந்து முதல் வேலையாக ஷெட்டுக்குப் போனேன். முத்திரை அப்படியே இருந்தது. சாவியைத் திருப்பினேன். மாப்பிள்ளை, விசில் இல்லை, குலுக்கல் இல்லை, மஞ்சள் விளக்கும் இல்லை! இரண்டு நாள் ஆறப்போட்டதில் எல்லாம் தன் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பட்டனை அமுக்கினால் முன்கண்ணாடிக்கும் தண்ணீர் வருகிறது, ஒரே குழாயில் இரண்டு வேலை நடக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. கேஜ் ஊசி பூஜ்யத்தில் ஆடாமல் நிற்கிறது. முன்பு அதைப் பார்த்துப் பயந்தேன், இப்போது அது நிதானம் என்று புரிகிறது. நான் ரசித்துக்கொண்டு நிற்கும்போதே உன் அக்கா மூட்டையோடு வந்தாள். "பள்ளிக்கூடம் பக்கமாப் போனா என்னையும் எறக்கி விட்டுடுங்க" என்றாள். கேட்டது சரிதானா என்று நான் யோசிப்பதற்குள் முன்கதவைத் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கியர் போட வரவில்லை. கண்ணில் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். மேடு வந்தது, மூன்றாவது கியரிலேயே வழுக்கிக்கொண்டு ஏறியது. ஹோஸ் தெறித்த இடத்தில் நான்தான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன், அவள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன், ரெண்டாவது பீரியடுக்குள்ள குடுக்கணும்" என்றாள். ரிட்டயரானதிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஆகவே அடுத்த மாதம் நீ வந்து இறங்கியதும் வண்டி பாய்கிற பாய்ச்சலைப் பார்த்துப் பயந்துவிடாதே, பழகிவிடும். ஒரு வருஷத்துக்குப் பானெட் முத்திரையில் கை வைக்காதே. உன் நண்பர்கள் யாருக்காவது இதேபோலச் செய்ய வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஓய்வுதான், மற்ற நாட்களிலும் ஓய்வுதான். கடல் உனக்கு அடங்கி இருக்கட்டும், உன் சமையலில் உப்பு அளவாக விழட்டும், போன உடம்போடு பத்திரமாகத் திரும்பி வா. உன் அக்காவின் ஆசிகளும், மாடி வீட்டு வாத்தியாரின் விசாரிப்புகளும் இதோடு வருகின்றன.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்,
முதல் வகுப்பு பாய்லர் அட்டெண்டர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்னால் இதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முத்திரை அப்படியே இருந்தது என்ற இடத்தில் தையல் மெஷின் நின்றது. இரண்டு நாள் ஆறப்போட்டதில் என்ற இடத்தில் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பதறிப்போய்ப் பார்த்தால் சிரிக்கிறாள். விஷயம் இதுதான். நான் கல்யாணத்துக்குப் போன அன்று காலையிலேயே பஸ் டிப்போ பக்கத்து ஒர்க்ஷாப்பிலிருந்து மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் வந்திருக்கிறார்கள். பரணில் இருந்த கறுப்புப் பெட்டி திரும்ப ஏறிவிட்டது. கம்பி பதினாலு சுற்றும் பின்னால் வந்துவிட்டது. தண்ணீர்க் குழாய் கண்ணாடிக்கே போய்விட்டது. போல்ட் எல்லாம் மறுபடி பிரித்து, அந்தந்த ஓட்டையில் மாட்டியாயிற்று. கேஜில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி உன் அக்கா பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். குழாயை எடுத்துவிட்டார்களாம், அது இப்போது எதோடும் சேராமல் அலங்காரத்துக்கு நிற்கிறது. அப்படியானால் முத்திரை என்று கேட்டேன். "உங்க டப்பாவுலேர்ந்து வேற ஒண்ணு எடுத்து நானே போட்டேன், அது என்ன பெரிய வித்தையா?" என்றாள். மேஸ்திரி என்ன சொன்னார் என்று கேட்டேன். "இறுக்கினதெல்லாம் பிரமாதமா இறுக்கியிருக்கார்மா, இறுக்கின இடந்தான் எல்லாமே தப்பு" என்றாராம். முதல் பாதியைக் கவனித்தாயா?

ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. "அப்ப அந்த மேஸ்திரிய நம்பித்தான் வண்டில ஏறினியா?" என்று கேட்டேன். உன் அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த ஆள நான் அன்னிக்குத்தான் பாத்தேன், அவர நம்பி யாரு ஏறுவா? நீங்க கை வச்சதுல ஏற மாட்டேன்னுதான் சொன்னேன். நீங்க ஓட்டறதுல ஏற மாட்டேன்னு எப்பவாவது சொன்னேனா?" சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பேனாவை எடுத்து இதை எழுத உட்கார்ந்தேன். ஆகவே மாப்பிள்ளை, மேலே நான் எழுதிய முன்னேற்றம் எதுவும் உன் வண்டியில் இல்லை, ரேடியோவும் இல்லை. இந்தக் கடிதத்தில் அவள் ஏறி உட்கார்ந்ததை எழுதிய பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துக் கடலில் போட்டுவிடு. நாளைக்கும் துணி கொடுக்கப் போக வேண்டுமாம், எட்டரைக்கு வண்டியை எடுக்கச் சொல்லியிருக்கிறாள்.